தோழனுக்குத் துடக்கில்லை

மரணத்துக்கும் ஓர் ஒழுங்கு வகுத்தவர்கள் நம் முன்னோர். தந்தை மறைந்தால் கொள்ளி வைக்க மகன் உண்டு. துடக்குக் காக்கப் பங்காளிகள் உண்டு. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுதோறும் திவசம் என்று துக்கத்துக்கு நாளும் பொழுதும் குறித்து வைத்தார்கள். ஆனால், அவ்வொழுங்கில் ஓர் உறவுக்கு மாத்திரம் இடமில்லாமற் போயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழன் இறந்தால் நமக்குத் துடக்கில்லை. செத்தவீட்டுக்குச் சென்று, வாசலில் சற்று நேரம் நின்று, வீடு திரும்பித் தலைமுழுகினால் காரியம் முடிந்தது. மறுநாட் காலையில் வழக்கம்போல வேலைக்குப் புறப்பட வேண்டியதுதான்.

அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதே இந்த வாரம் என் மனத்தை உறுத்தும் கேள்வி.

மாத்தளையில் என்னோடு பயின்றவன் ஒருவன் தம்புள்ளையைச் சேர்ந்தவன். அவன் பெயர் இங்கு வேண்டாம். உயிரோடிருந்தால் தன் பெயரைப் பத்திரிகையிற் காண அவனே கூசியிருப்பான். தந்தையார் தம்புள்ளைச் சந்திக்கு அருகே சிறிய கடை நடத்தினார். மாத்தளையில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த அவன், வெள்ளிக்கிழமை மாலையானால் நாலந்தை, நாவுல வழியே செல்லும் பஸ்ஸைப் பிடித்துத் தாயாரிடம் ஓடிவிடுவான். கடைக் கணக்கிற் பழகியதால் மனக்கணக்கில் ஆசிரியரையே முந்துவான். சித்திரமோ அவனுக்குச் சற்றும் வராது. அவன் வரைந்த பசுவைப் பார்த்து, "இது என்ன, நாற்காலியா?" என்று ஆசிரியர் கேட்டது வகுப்பில் நெடுநாட் பேச்சாயிருந்தது.

விடுமுறை நாட்களில் எங்களைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்வான். "தம்பி, வெறும் வயிற்றோடு மலை ஏறக்கூடாது" என்று அவன் தாயார் எங்களைப் பிடித்து வைத்துச் சோறு போட்ட பின்னரே குகைக் கோயிலுக்குப் புறப்படுவோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் நாடிழந்த வலகம்பா மன்னனுக்கு அடைக்கலம் தந்ததாகப் போற்றப்படும் மலை அது. அங்குள்ள ஐந்து குகைகளையும் 1991 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கிடந்த கோலத்துப் புத்தர் சிலைகளைவிட, கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டும் இடத்தைக் காட்டுவதிலேதான் அவனுக்குப் பெருமை. "கடுங் கோடையிலும் வற்றாது, மச்சான்" என்று, தானே தோண்டிய ஊற்றைப்போலச் சொல்வான்.

1999 ஆம் ஆண்டில் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர் அவன் மரக்கறி வியாபாரத்தில் இறங்கினான். நுவரெலியாக் கோவாவும் வடக்கு வெங்காயமும் இரவிரவாக வந்து இறங்கும் அந்தச் சந்தையில் அவனுக்குப் பகல் ஏது, இரவு ஏது? ஐம்பது வயது நிறையுமுன் ஒருநாள் மாரடைப்பில் மறைந்தான்.

எட்டாம் நாளன்று அவன் மகன் என்னருகில் வந்தமர்ந்தான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. சற்று நேரம் பேசாதிருந்தவன், "மாமா, அப்பா பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தவர்?" என்று கேட்டான்.

அந்தப் பிள்ளை அறிந்த தந்தை, நள்ளிரவில் எழுந்து மூட்டை எண்ணப் புறப்பட்டவர், களைத்து வந்தவர், அதிகம் பேசாதவர். நாற்காலிபோலப் பசு வரைந்தவனை அவன் அறியான். வகுப்பில் ஒருவனுக்குக் கொம்பாஸ் பெட்டி வாங்கிக் கொடுப்பதற்காகத் தன் பஸ் காசைச் செலவழித்துவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் மாத்தளையிலே கிடந்து, பஸ் தவறிவிட்டதென்று தாயாரிடம் பொய் சொன்னவனையும் அறியான். அவற்றைச் சொன்னேன். அந்த வீட்டில் எட்டு நாட்களுக்குப் பின் முதன்முறையாக ஒரு சிரிப்புக் கேட்டது. உள்ளேயிருந்து அவன் மனைவியும் கதவருகே வந்து நின்று கேட்டார்.

தம்புள்ளைக்கு அண்மையில் இப்பன்கட்டுவை என்றோர் இடம் உண்டு. கி.மு. 700 முதல் 400 வரையிலான காலத்து ஈமக்காடு அது. நான்கு புறமும் கற்பலகை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடி, உள்ளே சாம்பல் நிறைந்த தாழிகளை வைத்திருக்கிறார்கள். நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டும் காட்சி. மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிமாலைகள் ஆகியனவும் உடன் கிடைத்தன. அம்மணிகளிற் சில இந்நாட்டில் விளையாத சூதுபவளம் முதலியன. கடல் கடந்து வந்தவை. அரிதின் தேடிய பொருளையும் இறந்தவரோடு வைத்து மூடினார்கள் அந்நாளைய மக்கள். நம்மிடம் உள்ள நினைவுகளோ இறந்தவனுக்கு வேண்டியவை அல்ல, இருப்பவர்களுக்கே வேண்டியவை. அவற்றையும் வைத்து மூடிவிடலாமா?

புறநானூறு காட்டும் பொத்தியார் இதை நன்குணர்ந்தவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டபோது, உடனிறக்கத் துணிந்த அந்த நண்பரை, மனைவிக்கு மகன் பிறந்த பின் வருக என்று சோழன் திருப்பியனுப்பினான். தோழன் இல்லாத உறையூருக்குத் திரும்பி அவர் பட்ட வேதனையைச் சங்கப் பாடல் இன்றும் சொல்கிறது. பிசிராந்தையாரின் பெருமையை எல்லோரும் பேசுகிறோம். ஒரு குழந்தையை முன்னிட்டுச் சாவைத் தள்ளிவைத்த பொத்தியாரின் பாடும் சிறிதன்று.

மகாகவி பாரதியார் 1921 ஆம் ஆண்டு செப்டெம்பரில் மறைந்தார். எட்டயபுரத்தில் அவருடைய இளமைத் தோழராயிருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் 1959 வரை வாழ்ந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள்! நாடு முழுவதும் மகாகவியை அறிந்திருந்த அக்காலத்தில், எட்டயபுரத்துத் தெருக்களில் திரிந்த சுப்பையாவை அறிந்தவர் ஒரு சிலரே. புகழ்பெற்ற கவிஞனுக்கே இந்நிலையென்றால், மரக்கறி வியாபாரி ஒருவனின் பிள்ளைப் பருவத்துக்குச் சாட்சி யார்? பெற்றோர் போனபின், கூடப் படித்த நாலைந்து பேரே.

நம் பேச்சு வழக்கை எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. இரத்த உறவு இல்லாத பள்ளித் தோழனை இந்நாட்டில் நாம் "மச்சான்" என்கிறோம். ஆகவே அவன் பிள்ளை நம்மை "மாமா" என்கிறது. மாமன் என்றால் நம் குடும்பங்களில் வெறும் விளிப்பெயரா? பிள்ளையின் நன்மை தீமைகளில் முன்னிற்க வேண்டியவன் அன்றோ! சடங்கு நமக்குத் துடக்கைத் தரவில்லை. மொழி நமக்கு முறையைத் தந்திருக்கிறது.

அந்த முறையைச் செய்யப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பழைய வகுப்புப் படம் ஒன்று உங்களிடம் இருக்குமானால், அதன் பின்புறத்தில் இன்றே பெயர்களை எழுதி வையுங்கள். மறைந்த தோழனின் வீட்டுக்கு அதைக் கொண்டு செல்லுங்கள். அவன் பிள்ளைகளை அருகிலிருத்தி, இவன்தான் உன் அப்பா என்று காட்டுங்கள். பரீட்சைக் காலமானால் பிள்ளையின் படிப்பையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையின் தோழர் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். உங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாத ஒரு சிறுவனை அவர் அறிவார்.