அலுமாரி நாற்றுமேடையும் விளக்கின் வெப்பமும்

மாரிகாலப் பெருமழையால் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுமேடைகள் அழியக்கண்டு சலித்த கமக்காரர், வீட்டினுள் அலுமாரி ஒன்றில் விளக்கேற்றி நாற்று வளர்க்க எண்ணுதல் இயல்பே. இம்முயற்சி பிழையன்று. ஆயினும், ஒளியைப் பற்றி ஆராய்பவர் வெப்பத்தைப் பற்றி ஆராயாதுவிடின் பணமும் நாற்றும் ஒருங்கே வீணாகும். வெப்பம் வெளியேறும் வழியை முதலில் வகுத்து, விளக்கைப் பின்னரே வாங்குதல் வேண்டும்.

பழைய இழைக்குமிழ் தான் பெறும் மின்சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கையே ஒளியாக்கும். எல்.ஈ.டி. விளக்குக்கு, அதே ஒளியைத் தரக் குறைந்த மின்சாரம் போதும். ஆதலால் அதுவே சிறந்தது. ஆனால் அது வெப்பமே தராதென எண்ணுதல் தவறு. இலையிலும் சுவரிலும் படும் ஒளியும் ஈற்றில் வெப்பமாகவே மாறும். ஒளித்தொகுப்பால் பயிரிற் சேமிக்கப்படுவது மிகச் சிறு பங்கே. ஆகவே எவ்வகையினதாயினும், 100 வாற்று விளக்கு அலுமாரிக்குள் ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தைச் சேர்க்கும்.

1 மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் 2 மீற்றர் உயரமும் உடைய அலுமாரி 1 கன மீற்றர் வளியைக் கொள்ளும். இவ்வெப்பம் முழுவதையும் வளியின் மூலம் அகற்றி, உள்வெப்பநிலை அறையினதிலும் 5 பாகை செல்சியசுக்கு மேல் உயராது காக்க, மணிக்கு ஏறத்தாழ 60 கன மீற்றர் வளி வெளியேற வேண்டும். அதாவது, நிமிடத்துக்கொரு தடவை அலுமாரியின் வளி முழுவதும் மாற வேண்டும். அப்பொழுதும் அறை 30 பாகையாயின் உள்ளே 35 பாகை இருக்கும். அந்நிலையில் சலாது விதை முளைத்தல் அரிது. தக்காளி நாற்று மெலிந்து நீளும்.

உள்ளே சிறு மின்விசிறி வைத்தாற் போதுமென்பார் உளர். அது இலைகளைச் சூழ்ந்த வளியை அசைத்து நன்மை செய்யும், வெப்பத்தை வெளியேற்றாது. பானையை அகப்பையால் துழாவினால் அடுப்பு அணைவதில்லை. வெப்பவளி மேலெழுவதால், மேற்புறத்தில் வெளியிழுக்கும் விசிறியும் அடிப்புறத்தில் வளி புகும் துவாரமும் அமைதல் வேண்டும். துவாரத்துக்குப் பூச்சிவலை இடலாம். வலை வளியைத் தடுக்குமாதலால், கணக்கிட்டதிலும் வலிய விசிறியைக் கொள்க. இழுத்த வளியை யன்னலுக்கு வெளியே விடாவிடின் அதுவே மீண்டும் உட்புகும். விளக்கின் மின்வழங்கிப் பெட்டியை அலுமாரிக்கு வெளியே பொருத்துதலும், விளக்கின் உலோகச் செதில்களில் தூசு படியாது காத்தலும் நன்று.

செலவில்லாக் குளிரூட்டி இரவேயாகும். மாலை 6 மணி தொடக்கம் காலை 8 மணி வரை விளக்கை எரித்தால், 14 மணி நேர ஒளியும் கிடைக்கும். பகல் வெப்பத்தோடு விளக்கின் வெப்பமும் சேராது. 100 வாற்று விளக்குக்கு இதன் செலவு நாளொன்றுக்கு 1.4 மின்னலகு. வெப்பமானியை இலைமட்டத்தில், விளக்கொளி நேரே படாதவாறு மறைத்துத் தொங்கவிட்டு நாடோறும் பார்த்தல் வேண்டும்.

தோட்டம் முழுவதுக்கும் நாற்று வேண்டுவோர் அலுமாரியை நாடுதல் தகாது. ஒளிபுகும் பொலித்தீன் கூரையிட்டு, பக்கங்களில் வலை கட்டிய மேடையே அவர்க்கு ஏற்றது. மழையை அது தடுக்கும்; காற்று தானே வெப்பத்தைக் கொண்டுசெல்லும்; ஞாயிற்றின் ஒளிக்குக் கட்டணமுமில்லை. அலுமாரி, சில தட்டு நாற்றுகளைச் சில வாரங்கள் காப்பதற்கே உரியது. அதனையும் வெப்பம் போக வழியறிந்தவரே அமைப்பாராக.