கைவிடப்பட்ட வீரர்களும் கைகொடுத்தோரும்

உலகப் போரில் பிரிட்டனுக்காக உயிரைப் பணயம் வைத்த இந்திய மாலுமிகள் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுந்தனர். காங்கிரஸ், லீக் தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள். தொழிலாளி வர்க்கமோ துணைநின்றது. பிப்ரவரி 22 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று ஆலைகள் நின்றன. பரேலில் தோழர் கமல் தோண்டே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். பணிநீக்கப்பட்ட மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கடற்படையும் திரும்பச் சேர்க்கவில்லை.

தியாகத்திற்கு மாலை மட்டும் மரியாதையாகாது. அண்ணாபாவ் சாத்தே செங்கொடி ஏந்திய மாட்டுங்கா லேபர் கேம்பில், வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்தோர் இன்று வீட்டை எண்ணி அஞ்சுகின்றனர். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2000 ஜனவரி 1-க்குப் பின் குடியேறியோரையும் மாடியில் வசிப்போரையும் தாராவிக்கு வெளியே அனுப்புகிறது. அவர்களுக்காக ஆவணம் திரட்டி அலுவலகப் படியேறும் தோழர்களே கமல் தோண்டேயின் வாரிசுகள். அவர்களோடு தோள் சேர்ந்து நிற்பதே உண்மையான வீரவணக்கம்.