ஓட்டுநருக்கும் வயதாகிறது

ஆண்டு 1948, அமெரிக்காவின் தென்மாநில நகரமான அட்லாண்டா. கணவரை இழந்த 72 வயது யூதப் பெண்மணி டெய்ஸி, காரைக் கிளப்பப் போய்ப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இறக்கிவிடுகிறார். மகன் பூலி, ஹோக் என்ற கறுப்பின ஓட்டுநரை வேலைக்கு வைக்கிறார். 1989இல் வெளிவந்து சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்ற ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’ இங்கே தொடங்கி 25 ஆண்டுகளைக் கடக்கிறது. தன் காலில் நின்ற ஒருவருக்குச் சாவி பறிபோவது எத்தனை பெரிய அவமானம் என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன படங்கள் குறைவு. காரில் ஏற மறுத்து டெய்ஸி விறுவிறுவென்று நடக்க, ஹோக் காரை அவர் பக்கத்திலேயே மெல்ல உருட்டிக்கொண்டு வரும் காட்சி ஒன்றே போதும். டெய்ஸியாக நடித்த ஜெசிகா டாண்டி 80 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றதில் வியப்பில்லை. அதே ஆண்டு வந்த கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீயின் ‘டூ தி ரைட் திங்’ சிறந்த படத்துக்கான பரிந்துரையைக்கூடப் பெறவில்லை என்ற கோபம் இன்றும் ஓயவில்லை. அது நியாயமான கோபம். ஆனால் என் குறை வேறு: இந்தப் படத்தில் முதுமை அடைவது இரண்டு பேர், படம் பார்ப்பதோ ஒருவரின் முதுமையை மட்டும்.

அலபாமாவின் மொபீல் நகருக்குப் போகும் வழியில் வரும் காட்சியைப் பாருங்கள். ஹோக் சிறுநீர் கழிக்க வேண்டும். வழியிலிருந்த பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறை கறுப்பினத்தவருக்கு இல்லை. ஊர் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் டெய்ஸி. ஹோக் காரை ஓரங்கட்டுகிறார். இந்த வயதில் இதற்கும் அனுமதி கேட்டு நிற்பது தனக்கு எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டு இருட்டில் இறங்கிப் போகிறார். காரில் தனியே இருக்கும் டெய்ஸிக்குப் பயம் வந்துவிடுகிறது; ஹோக்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஹோக்கின் உடம்புக்கும் வயதாகிறது என்பதைப் படம் நேருக்கு நேர் பார்க்கும் இடம் இது. அடுத்த கணமே கார் கிளம்பிவிடுகிறது. பின்னாளில் அவருக்குக் கண்பார்வை மங்கி, பேத்தி காரோட்டி அழைத்துவருகிறாள். டெய்ஸி சாவியை இழந்ததற்கு ஒரு படமே தேவைப்பட்டது. ஹோக் சாவியை இழந்தது ஓரிரு வசனங்களில் முடிந்துவிடுகிறது.

இது டெய்ஸியின் கதைதானே என்று கேட்கலாம். மூல நாடகத்தை எழுதிய ஆல்ஃபிரட் யூரி தன் பாட்டியையும் அவருடைய ஓட்டுநரையும் மனதில் வைத்தே எழுதினார். பேரன் கண்ட கோணம் அது. டெய்ஸியின் குருட்டுத்தனத்தைப் படம் மூடி மறைக்கவும் இல்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சை அவர் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்க, கடைசி நிமிடத்தில் ஒப்புக்கு அழைக்கப்பட்ட ஹோக் வெளியே கார் வானொலியில் கேட்கிறார். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை ஒருவருடையது என்பதால் இன்னொருவரின் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே வந்த ‘தி லாங் வாக் ஹோம்’ படம் மான்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைச் சொல்கிறது. அதில் வெள்ளை எஜமானி காரோட்டுகிறார். வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஒடெஸா அதில் பயணிக்கிறார். வேலை முடிந்து நடந்தே திரும்பும் ஒடெஸாவுடன் அவர் வீட்டுக்குள்ளும் நாம் போகிறோம்.

இந்த வாசலைத் தாண்டாததால்தான் ஒரு பெரிய கேள்வி எழாமலே போகிறது: உழைத்து ஓய்ந்தவருக்கு யார் துணை? 1935இல் வந்த அமெரிக்க சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டு வேலையாட்களை முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. நிரந்தரமாக வேலை பார்ப்பவர்களைச் சேர்க்க 1950இல் திருத்தம் வர வேண்டியிருந்தது. கடைசிக் காட்சியில், முதியோர் இல்லத்தில் இருக்கும் டெய்ஸிக்கு ஹோக் ஒவ்வொரு வாயாக இனிப்பு ஊட்டுகிறார். கண் கலங்கவைக்கும் நட்பு அது, பொய்யில்லை. பூலி இன்னும் சம்பளம் தருகிறாரா என்று டெய்ஸி கேட்கிறார். வாராவாரம் தருகிறார் என்கிறார் ஹோக். எண்பதைத் தாண்டிய ஒரு தொழிலாளியின் முதுமைக்கு, படம் நமக்குக் காட்டும் ஒரே பாதுகாப்பு, முதலாளி வீட்டு மகனின் நல்ல மனசு.