பயணத் திட்டத்தைத் தமிழில் எழுதுவோம்

மோட்டார் சைக்கிளில் வட துருவ வட்டத்தைக் கடந்து, கூடாரம் அடித்துத் தங்கி, ஐரோப்பாவின் வடகோடி வரை போய்வரப் போகிறோம் என்று சொன்னால் நம்மவர்களிடமிருந்து இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. பெரியவர்கள், "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்கிறார்கள். நண்பர்கள், "சூப்பர் மச்சான், எப்ப கிளம்புறீங்க?" என்கிறார்கள். முன்னது தடை, பின்னது தட்டிக்கொடுப்பு. ஆனாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. "எங்கே உங்கள் திட்டம்? கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன்" என்று இரு தரப்பாருமே கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அப்படிக் கேட்கும்போது, கேட்டவர் படிக்கக்கூடிய மொழியில் அந்தத் திட்டம் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான கருத்து. வீட்டில் காத்திருக்கப் போகிறவர் படித்துக் கேள்வி கேட்க முடியாத திட்டம் பாதித் திட்டமே. நம்மில் பலருடைய வீட்டில் அந்த மொழி தமிழ்.

முதலில் எங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூவர், ஒரே விடுதி. இறுதித் தேர்வு முடிந்து அடுத்த ஆண்டு ஜூலையில் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கு விமானத்தில் போய், அங்கே மோட்டார் சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து, வடக்கே நார்வேயின் நூர்காப் முனை வரை ஓட்டிச் செல்வது எண்ணம். ஹெல்சிங்கியிலிருந்து வட துருவ வட்டத்தை ஒட்டிய ரொவானியெமி நகரம் 800 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து இனாரி, கராஸ்யோக், லாக்செல்வ் வழியாக நூர்காப் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போக வர 3,000 கிலோமீட்டர். நாளுக்கு 300 என்று வைத்தால் ஓட்டும் நாள் 10, மழைக்கும் களைப்புக்கும் 4 நாள். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். எங்களில் இருவரிடம் 250 சி.சி. வரை ஓட்டும் பி2 உரிமம்தான் உள்ளது. அவர்கள் அதற்குள் முழு பி உரிமம் எடுத்தாக வேண்டும்.

நம்மூர்ப் பயணத்தில் சாலை, சாப்பாடு, பெட்ரோல் மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும். புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை நெடுஞ்சாலை நெடுக ஓய்விடங்கள் உண்டு; நனைந்தால் ஒதுங்கலாம், பசித்தால் நாசி லெமாக் சாப்பிடலாம். வடகோடியில் அப்படி இல்லை. அங்கே முதல் எதிரி குளிர். ஜூலையிலும் நூர்காப்பில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கேமரன் மலையில் இதற்குச் சற்று மேல்தானே என்று தோன்றும். ஆனால் கேமரன் மலையில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம். அங்கே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம். காற்றுக் குளிர்வுக் கணக்கின்படி அந்த 10 பாகை உடம்புக்கு ஏறக்குறைய 4 பாகையாகத் தெரியும். உடை நனைந்துவிட்டால் அதைவிட மோசம்.

அடுத்தது இரவுத் தங்கல். நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலியிட்டுப் பயிர் செய்யாத திறந்தவெளி நிலத்தில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம். ஆனால் ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதும், மலைப்பகுதியும் ஆளரவமற்ற இடங்களும் தவிர, கூடாது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை. இந்த உரிமை நடப்பவனுக்கு உரியது, எஞ்சினுக்கு அல்ல. மோட்டார் சைக்கிளைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தோளில் சுமந்துதான் போக வேண்டும். ஆகவே மூட்டையின் எடையும் திட்டத்தில் ஒரு வரி.

படுக்கைப் பையின் அட்டையில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றுள் மிகக் குறைவான எண், உயிர் தப்பலாம் என்பதற்கான எண். தூங்கலாம் என்பதற்கானது அல்ல. கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் அந்த எண்ணைத்தான். அடுப்பும் அப்படியே. விடுதியில் ஸ்டீம்போட் செய்யப் பயன்படுத்தும் அடுப்பின் டப்பாவில் இருப்பது பியூட்டேன். அது சுழியத்துக்கு அரைப் பாகை கீழேயே ஆவியாக மறுத்துவிடும். குளிர் அந்த அளவை நெருங்கும்போதே சுடர் சோர்ந்துவிடும். புரோப்பேன் கலந்த டப்பா வேண்டும். அதையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. எங்கள் முதல் திட்டமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. கணினியில் கட்டம் கட்டமாக, வண்ணம் தீட்டி, அழகாக இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என் போன்றவர்களுக்கு இது பழகிய வழி. கடினமானதை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிப்போம். வீட்டுக்கு வந்து, "எல்லாம் பார்த்தாச்சும்மா" என்று தமிழில் நான்கு சொல்லில் முடித்துவிடுவோம். படிப்பு, மருத்துவம், கடன், பயணம் எதுவானாலும் இதே நான்கு சொல்தான். இதனால் பெற்றோர் நம்மை நம்புவதா, வேண்டாமா என்று மட்டுமே முடிவு செய்ய முடிகிறது. திட்டத்தை எடைபோட அவர்களுக்கு வழியில்லை.

அதனால் நான் அந்தத் திட்டத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதினேன். எழுதும்போதே ஒன்று புரிந்தது. ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு தாண்டிப் போவது எளிது. தமிழில் எழுத அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 'ஹைப்போதெர்மியா' என்று எழுதினால் ஒரு சொல்லோடு முடிந்தது. "உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவது. முதலில் நடுக்கம், பிறகு நாக்குக் குழறும், விரல்கள் சொன்னபடி கேட்காது, புத்தி மந்தமாகும்" என்று எழுதியபோது அடுத்த வரி தானாக வந்தது: "சட்டைப் பொத்தானைத் தானே போட முடியாதவர் அன்று மேற்கொண்டு ஓட்டக்கூடாது."

நோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். மூன்று கேள்விகள் கேட்டார்.

"ராத்திரியே வராதுன்னு எழுதியிருக்கியே, அப்புறம் எப்பத்தான் வண்டிய நிறுத்துவீங்க?"

நூர்காப்பில் மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதி வரை சூரியன் மறைவதில்லை. இருட்டிவிட்டது, நிறுத்துவோம் என்று நம்மூரில் வானமே சொல்லிவிடும். அங்கே சொல்லாது. வெளிச்சம் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே இருக்கலாம். களைப்பு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்வி ஒரு விதியாயிற்று: கடிகாரத்தில் மாலை மணி 6, எங்கே இருந்தாலும் இடம் தேடத் தொடங்க வேண்டும்.

"மான் குறுக்க வரும்னு இருக்கு. அது யாரு வீட்டு மானு? அடிபட்டா யாருக்குச் சொல்றது?"

மாடு வளர்த்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். பின்லாந்தின் வடக்கே சாலையில் நடமாடும் துருவ மான்கள் காட்டு விலங்குகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு, காதில் வெட்டு அடையாளம் உண்டு. மோதினால் 112 என்ற அவசர எண்ணில் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் பல வரும் என்று வேகத்தைக் குறைக்க வேண்டும்.

"ஒருத்தனுக்கு முடியலன்னா மத்த ரெண்டு பேரும் போயிருவீங்களா?"

இதற்கு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. மூவரும் நிற்பது, தேவையானால் மூவரும் திரும்புவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். திரும்புவதில் வெட்கம் இல்லை என்பதற்கு அந்த முனையே சான்று. வடகோடி என்று உலகம் கொண்டாடும் நூர்காப் உண்மையில் வடகோடி அல்ல. பக்கத்திலுள்ள க்னிவ்ஷெலோடன் என்ற முனை அதைவிடச் சற்று வடக்கே நீண்டிருக்கிறது. அங்கே சாலை இல்லை. நடந்துதான் போக வேண்டும். சாலையில் போகிற எல்லாரும் 'கோடி' வரை போகாமல்தான் திரும்புகிறார்கள். நாங்கள் கராஸ்யோக்கிலேயே திரும்பினாலும் குடிமுழுகிவிடாது.

இப்போதெல்லாம் கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வரைபடத்தில் நகரும் புள்ளி மகன் எங்கே இருக்கிறான் என்று காட்டும். அந்த நேரத்தில் அவன் அங்கே இருக்க வேண்டியவன்தானா என்பதைக் காட்டாது. திட்டத்தைப் படித்தவருக்குத்தான் அந்தப் புள்ளியின் பொருள் புரியும். மாலை 6 மணிக்கு மேல் புள்ளி இரண்டு மணி நேரமாக நகர்ந்துகொண்டே இருந்தால், அழைத்து அதட்ட அவரால் முடியும்.

வீட்டுக்குத் தெரியும்படி பயணம் செய்வது கோழைத்தனம் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. நம் வட்டாரத்திலிருந்து நூர்காப் போனவர்களில் மிகப் பெயர்பெற்றவர் சயாம் மன்னர் சுலாலோங்கோர்ன். 1907இல் கப்பலில் போனார். அப்போது நம் கெடாவும் பெர்லிசும்கூட சயாமின் மேலாட்சிக்குக் கீழ்தான் இருந்தன. 1909இல்தான் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. அந்தப் பயணம் நெடுகிலும் அவர் தம் மகளுக்குத் தம் தாய்மொழியில் கடிதங்கள் எழுதினார். அவை பின்னர் நூலாக வந்தன. அந்த நூலின் தலைப்புக்கு 'வீட்டிலிருந்து தொலைவில்' என்று பொருள். நூர்காப்பில் இன்றும் அவர் நினைவாக ஒரு சிறு தாய்லாந்துக் காட்சியகம் உண்டு. ஒரு மன்னர் வீட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம் என்றால், நமக்கு என்ன கௌரவக் குறைவு?

இதில் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் தாமான்களில் எத்தனை வீட்டு வரவேற்பறைகளில் மாலை போட்ட இளைஞர் படங்கள் தொங்குகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பலர் கிளம்பும்போது வீட்டில் சொன்னது, "இங்கதான், வந்துர்றேன்" என்பது மட்டும்தான். மகன் எந்தச் சாலையில் இருந்தான் என்பதே காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் தெரிகிறது. இதைப் பார்த்துப் பெரியவர்கள் மோட்டார் சைக்கிளையே பழிக்கிறார்கள். இளைஞர்கள் அந்தப் பழிச்சொல்லைக் கேட்டு இன்னும் இரகசியமாக ஓட்டுகிறார்கள். தடையும் தட்டிக்கொடுப்பும் சேர்ந்து செய்யும் வேலை இது. துணிவு நம் இளைஞர்களிடம் தாராளமாக இருக்கிறது. துணிவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்தான் இல்லை.

திட்டம் போட்டால் பயணத்தின் சுவை போய்விடும் என்பார் சிலர். மழையும் காற்றும் மானும் எங்கள் நோட்டைப் படித்துவிட்டு வரப் போவதில்லை. எதிர்பாராதது எப்படியும் வரும். எதிர்பார்க்கக் கூடியவற்றை முன்பே தீர்த்துவைத்தால், வருவதைச் சமாளிக்க உடம்பிலும் மனத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்பார் வேறு சிலர். பகுதிநேர வேலையில் மாதம் 300 ரிங்கிட் ஒதுக்கி வருகிறோம். சேராவிட்டால் பயணம் ஓராண்டு தள்ளிப்போகும் என்பதும் நோட்டில் இருக்கிறது. நோட்டு வீணாகாது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மானுக்குப் பதில் யானை கடக்கும், பனிமூட்டம் இருக்கும், கடைகள் அரிது. அங்கே போகவும் இதே கேள்விகள்தான்: எப்போது நிறுத்துவது, யாருக்குச் சொல்வது, எப்போது திரும்புவது?

ஆகவே நம் தமிழ்ப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் கவிதைப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். நடக்கட்டும். அவற்றோடு, விடுமுறைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பேரவை அறையில் ஒரு படி, வீட்டில் ஒரு படி வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தைத் தொடங்குவோம். பாதை, நாள்கள், நிறுத்தும் நேரம், உடன் வருவோர் பெயர், இரத்த வகை, அவசர எண், எந்த நிலையில் திரும்புவோம் என்ற ஒரு வரி. இவ்வளவுதான். பிழை இருந்தால் இருக்கட்டும். புள்ளி யாரும் குறைக்கப் போவதில்லை. மொழியைக் காக்க வேண்டும் என்று மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த மொழி நம்மையும் கொஞ்சம் காக்கட்டுமே.