என்-கேஜ் பாவம்னு சொல்லாதீங்க

தோத்துப்போன எந்தப் பொருளைப் பத்திப் பேச்செடுத்தாலும், யாராவது ஒருத்தர் வந்து "அது பாவம்ப்பா, காலத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு" அப்படின்னு ஒரு மாலையைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நோக்கியா என்-கேஜுக்கு இந்த மாலை கொஞ்சம் அதிகமாவே விழுந்திருக்கு. இன்னிக்கு ஊரே போன்லதான் கேம் ஆடுது, நோக்கியாக்காரன் அதை 2003-லயே யோசிச்சுட்டான், உலகத்துக்குத்தான் புரியலைன்னு ஒரு வாதம். எனக்கு இதுல துளிகூட உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 2003 அக்டோபர் 7-ம் தேதி கடைக்கு வந்த என்-கேஜ், போனும் கேம் கன்சோலும் சேர்ந்த ஒரு கலவை. 104 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், சிம்பியன், ப்ளூடூத், எஃப்எம் ரேடியோ, எம்பி3 எல்லாம் உண்டு. அமெரிக்காவுல விலை 299 டாலர். அதே வருஷம் அங்க வந்த நிண்டெண்டோவோட கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி சுமார் 100 டாலர்தான். சரி, போனும் பாட்டும் ரேடியோவும் ஒண்ணா வருதே, விலையை விட்டுடுவோம்.

எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் பழைய போனா சேர்த்து வைச்சிருக்கார். அவர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு என்-கேஜை வாங்கிட்டு வந்தேன். கேம் எல்லாம் எம்எம்சி கார்டுல வரும். அந்தக் கார்டைப் போடற இடம் எங்க இருக்கு தெரியுமா? பேட்டரிக்கு அடியில! வேற கேம் ஆடணும்னா போனை அணைச்சு, பின்மூடியைக் கழட்டி, பேட்டரியை எடுத்து, கார்டை மாத்தி, திரும்ப எல்லாத்தையும் மாட்டி, சிம்பியன் தூங்கி எழுந்து வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். கேம்பாய்ல ஒரு கேசட்டை உருவி இன்னொண்ணைச் சொருகினா வேலை முடிஞ்சுது.

அடுத்தது பேசறது. காதுல கேக்கற ஸ்பீக்கரும் மைக்கும் போனோட விளிம்புல இருக்கு. அதனால போனைச் செங்குத்தா நிறுத்தி, விளிம்பைக் கன்னத்துல ஒட்ட வைச்சுத்தான் பேசணும். அமெரிக்காக்காரன் இதை 'டாக்கோ' பலகாரத்தோட ஒப்பிட்டுக் கிண்டல் பண்ணினான். நம்ம ஊர்ல வந்து பார்த்திருந்தா, மடிச்ச மசால் தோசையைக் காதுல வைச்சிருக்கான்னு சொல்லியிருப்பாங்க :-)

அப்புறம் திரை. அகலம் 176 புள்ளி, உயரம் 208. அதாவது நெட்டுக்குத்தான திரை. ஆனா அதுல வந்த கேம்கள்ல பல, வேற கன்சோல்களோட அகலத் திரைக்குன்னு செஞ்சது. கேம்பாய் அட்வான்ஸ்ல 240 புள்ளி அகலத்துல ஓடின சோனிக், இங்க 'சோனிக் என்'ங்கற பேர்ல 176-க்குள்ள வந்தாகணும். ஒண்ணு படத்தைச் சுருக்கணும், இல்ல ஓரத்தை வெட்டணும். இடதும் வலதுமா தலைதெறிக்க ஓடற ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்கா சொல்லுங்க!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 2004-ல நோக்கியா 'என்-கேஜ் க்யூடி'ன்னு திருத்தின மாடலைக் கொண்டுவந்தது. அதுல கார்டு போடற ஓட்டை வெளிய வந்துடுச்சு. சாதாரண போன் மாதிரி காதுல வைச்சுப் பேச முடிஞ்சுது. (பதிலுக்கு எம்பி3-யையும் ரேடியோவையும் பிடுங்கிட்டாங்கங்கறது தனிக்கதை.) சில மாசத்துலயே திருத்த முடிஞ்ச கோளாறுக்குப் போய் காலத்தைக் குத்தம் சொன்னா எப்படி? ஓட்டையை வெளிய வைக்க எந்த எதிர்காலத் தொழில்நுட்பமும் தேவையில்லையே.

இன்னொண்ணும் இருக்கு. அதே 2003-ல, அதே நோக்கியாதான் 1100-ஐயும் விட்டது. டார்ச் லைட், தூசி புகாத கீபேட், வேர்த்த கையில இருந்தும் வழுக்காத உடம்பு. 25 கோடிக்கு மேல வித்துது. எங்க வீட்டுல அப்பாகிட்ட இருந்ததும் அதுதான், கரண்ட் போனா முதல்ல தேடறதும் அதைத்தான். அதுலயும் கேம் இருந்துது: ஸ்நேக்! 1997-ல 6110 மாடல்ல வந்த பாம்போட வாரிசு. பஸ்ஸுக்கு நிக்கற ரெண்டு நிமிஷத்துல, ஒரு கட்டை விரலால, கார்டும் இல்லாம காசும் கொடுக்காம ஆடலாம். ஆக, போன்ல மக்கள் எப்படி கேம் ஆடுவாங்கங்கறதுக்கு விடை நோக்கியா கையிலயே இருந்துது. 1100-ஐச் செஞ்சவங்க போனைப் பிடிக்கப்போற கையைப் பார்த்திருக்காங்க. என்-கேஜைச் செஞ்சவங்க வசதிப் பட்டியலைப் பார்த்திருக்காங்க.

நியாயமா சொன்னா என்-கேஜ்ல நல்லதும் உண்டு. கேம்பாய்க்காரங்க ஒயரைக் கோத்து ரெண்டு பேரா ஆடிட்டிருந்த காலத்துல, இதுல ப்ளூடூத்லயே ஆட முடிஞ்சுது. ரெட்லின்க்ஸ் செஞ்ச 'பாத்வே டு க்ளோரி' (2004) இந்தச் சின்னத் திரைக்குன்னே யோசிச்சுச் செஞ்ச, மாத்தி மாத்தி ஆடற போர் விளையாட்டு. எனக்குக் கிடைச்ச ஒரு வாரத்துல பாதி அதுலயே போச்சு. அந்த மாதிரி இன்னும் பத்து வந்திருந்தா கதை மாறியிருக்கலாம்.

சரி, காலம் கனிஞ்சப்பவாவது ஜெயிச்சாங்களா? 2008 ஏப்ரல்ல, கருவியை விட்டுட்டு என்-கேஜை போன்கள்ல ஓடற ஒரு சேவையா மறுபடி கொண்டுவந்தாங்க. ஓடினது நோக்கியாவோட சில மாடல்கள்ல மட்டும். அதே வருஷம் ஜூலையில ஆப்பிளோட ஆப் ஸ்டோர் வந்துது. 2009 அக்டோபர்லயே இனிமே புது கேம் கிடையாதுன்னு நோக்கியா அறிவிச்சுட்டுது.

ஒரு பழைய போனுக்கு இவ்வளவு கோபமான்னு கேக்கலாம். காரணம் இருக்கு. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, குளிர்பதனக் கிடங்கு ஊழியர்களுக்குன்னு ஒரு ஆப் வந்துது. தடிமனான கையுறை போட்டிருக்கிற மனுஷனுக்குத் தொடுதிரையில குட்டிக் குட்டி பட்டன். அவங்க ரெண்டே வாரத்துல பழையபடி நோட்டுக்கும் பேனாவுக்கும் திரும்பிட்டாங்க. மீட்டிங்ல மேலிடத்துல இருந்து வந்த விளக்கம் என்ன தெரியுமா? "அவங்க இன்னும் இதுக்குத் தயாராகலை." என்-கேஜுக்குப் போடற அதே மாலைதான். பொருளைச் செஞ்சவன் தப்பிச்சுடறான், பழி பயன்படுத்தறவன் தலையில விழுது.

அதனால அடுத்த தடவை மாலையைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க மக்களே. அந்தக் கோளாறைச் சரி பண்ண என்ன தேவைப்பட்டுது? இனிமேதான் கண்டுபிடிக்கணுங்கற மாதிரி ஒண்ணுன்னா, தாராளமா மாலை போடுங்க. ஒரு ஓட்டையை இடம் மாத்தினா போதும்னா, மாலையைத் திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க.

டிஸ்கி: சீனியர் இதைப் படிச்சா, போன் பத்திரமா இருக்கு சார். மூடியைக் கழட்டிக் கழட்டி என் நகம்தான் தேஞ்சுபோச்சு :-)