கப்பி மீன் வளர்த்தா மாசம் 20 ஆயிரமா? முதல்ல வாங்க ஆள் இருக்கான்னு பாருங்க

"வீட்டு மாடியில மீன் வளர்ப்பு, ஒரு ஜோடி போட்டா ஆறு மாசத்துல ஆயிரம் மீன், மாசம் 20 ஆயிரம் வருமானம்." இந்த மாதிரி வீடியோ உங்க மொபைலுக்கும் வந்திருக்கும். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலைன்னு சின்ன ஊர்ல இருந்து வேலைக்குப் போற நிறைய பேர் இதுல இறங்கலாமான்னு கேக்குறீங்க. வாடகை இல்லாத சொந்த வீடு, காலியா கிடக்கிற மொட்டை மாடி, போர் தண்ணி, எல்லாம் இருக்கு. அப்புறம் என்னன்னு தோணும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பொழுதுபோக்கா ஆரம்பிங்க, தாராளமா. கடன் வாங்கி ஆரம்பிக்காதீங்க.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் முட்டை போடாம நேரா குட்டி போடுற மீன்கள். கப்பிக்குக் கர்ப்ப காலம் கிட்டத்தட்ட நாலு வாரம். ஒரு தடவைக்கு 20, 30 குட்டி சாதாரணம், பெரிய மீன் இன்னும் அதிகமாவே போடும். வயித்தோட பின்பக்கம் இருக்கிற கறுப்புப் புள்ளி பெருசாகி வயிறு சதுரமா தெரிஞ்சா நாள் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். ஆண் மீன்கிட்ட இருந்து வாங்குற விந்தைப் பெண் மீன் மாசக்கணக்குல உடம்புலயே சேமிச்சு வச்சுக்கும். அதனால ஆண் மீனே இல்லாத தொட்டியிலயும் அடுத்தடுத்து குட்டி வரும். குட்டியை அம்மாவே தின்னும். பாசியோ செடியோ அடர்த்தியா போட்டு வச்சா நிறைய தப்பிக்கும்.

பக்கெட்டுல வெள்ளை வெள்ளையா உப்புப் படியுற கடினமான போர் தண்ணின்னு நாம திட்டுவோமே, இந்த மீன்களுக்கு அது நல்லாவே ஒத்துப்போகும். ஆக, மீன் வளர்க்கிறது கஷ்டமே இல்லை. எனக்குத் தெரிஞ்சு பிரச்சினையே அதுதான். உங்களுக்கு சுலபம்னா பக்கத்துத் தெருக்காரருக்கும் சுலபம். எல்லார் வீட்டுலயும் தானா பெருகுற பொருளுக்கு யார் விலை கொடுப்பாங்க?

ஒரு கணக்கு போடுவோம், எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். நாலு பெண் மீன், மாசம் தலா 30 குட்டி, பாதி பிழைக்குது. 60 மீன், அதாவது 30 ஜோடி. கடையில ஜோடி 30 ரூபாய்க்கு விக்கிற சாதாரண கப்பிய, கடைக்காரர் உங்ககிட்ட 10 ரூபாய்க்கு எடுக்கிறார்னு வச்சுக்கோங்க. 300 ரூபாய். தீனி, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து 150 போகும். மீதி 150. தினமும் அரை மணி நேரம் தீனி போட, தண்ணி மாத்தன்னு மாசம் 15 மணி நேரம் உழைச்சிருப்பீங்க. மணிக்கு 10 ரூபாய் கூலி! அதுவும் முதல் குட்டி விக்கிற அளவுக்கு வளர மூணு மாசம் காத்திருந்த பிறகு.

"அப்போ தொட்டிய பத்து மடங்கு ஆக்கிட்டா?" அங்கதான் வாங்குற ஆளை எண்ணணும். செஞ்சியில வண்ண மீன் விக்கிற கடை எத்தனைன்னு ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டுச் சுத்திப் பாருங்க. 2025 ஜூலைல கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைச்சதுல கூட்டம் வரும்னு சிலர் நம்பிக்கையா இருக்காங்க. வரட்டும். ஆனா ராஜகிரி ஏறி இறங்கி மூச்சு வாங்குறவர் கையில மீன் கவரோடயா பஸ் ஏறுவார்?

நிஜ சந்தை சென்னை கொளத்தூர். நாட்டுலயே பேர் பெற்ற வண்ண மீன் மையம் அது. அங்க வளர்க்கிறவர், தீனி விக்கிறவர், ஆக்சிஜன் அடிச்சுக் கவர் கட்டுறவர், மொத்தமா எடுக்கிற வியாபாரி எல்லாரும் பக்கம் பக்கமா இருக்காங்க. நீங்க 150 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்துட்டு, அவங்க விக்கிற அதே சாதாரண மீனை அவங்க விலைக்குக் கொடுக்கணும்னா பார்சல் செலவுலயே லாபம் கரைஞ்சிடும்.

காசு இருக்கிறது தரமான ரகத்துல. ஒரே நிறம், ஒரே வால் அமைப்பு, தலைமுறைக்குத் தலைமுறை மாறாம வரணும். அதுக்குக் குட்டிகளை மூணு நாலு வாரத்துக்குள்ள ஆண், பெண் பிரிச்சாகணும். ஒரு நாள் தள்ளிப் போட்டு ஒரு கலப்பு ஆண் உள்ள இருந்துட்டா, அந்தப் பெண் மீன் சேமிச்ச விந்து மாசக்கணக்குல உங்க ரகத்தைக் கெடுத்துட்டே இருக்கும். ஆபீஸ்ல மாசக் கடைசி வேலை ஓடும்போது இதை விடாம செய்ய முடியுமான்னு நீங்கதான் சொல்லணும். ஏப்ரல், மே மாசம் பாறை ஊர்ல வெயில் எப்படி அடிக்கும்னும் தெரியும். தண்ணி சூடானா ஆக்சிஜன் குறையும், அந்த நேரம் பார்த்து கரண்டும் போகும்.

மானியம்? பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல வீட்டுக் கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் செலவுன்னு வச்சு, பொதுப் பிரிவுக்கு 40%, பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 60% மானியம்னு அறிவிச்சாங்க. இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு விழுப்புரம் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துல விசாரிங்க. 40% கிடைச்சாலும் மீதி 1.8 லட்சம் உங்க காசு. அதைத் தனிநபர் கடனா 14% வட்டிக்கு மூணு வருஷத்துக்கு எடுத்தா தவணை சுமார் 6,150 ரூபாய். ஜோடி 10 ரூபாய் கணக்குல, தவணை கட்ட மட்டும் மாசம் 615 ஜோடி விக்கணும். செலவைக் கழிச்சா இன்னும் அதிகம்.

வரி விஷயத்துலயும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. மீன் வித்து வர்ற காசு விவசாய வருமானம் இல்லை, தொழில் வருமானம். அது இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 இல்லன்னா 4 தான். வேலை ஒப்பந்தத்துல பக்கத் தொழில் கூடாதுன்னு இருக்கான்னும் படிச்சுக்கோங்க. அரசு ஊழியரா இருந்தா நடத்தை விதிகளைப் பார்க்காம வீட்டு வாசல்ல போர்டு மாட்டிடாதீங்க.

அப்போ எப்படி ஆரம்பிக்கிறது? மூணு தெர்மாகோல் பெட்டி, ஒரு ஏர் பம்ப், ஒரு நல்ல ரகத்துல மூணு பெண், ஒரு ஆண். 3,000 ரூபாய்க்குள்ள முடிங்க. அவசர நிதியத் தொடாதீங்க, எஸ்ஐபிய நிறுத்தாதீங்க. ஆறு மாசம் செலவையும் வரவையும் நோட்டுல எழுதுங்க. தெரிஞ்சவங்க இல்லாத ரெண்டு பேர் திரும்பி வந்து வாங்கினாங்கன்னா நாலாவது பெட்டி வாங்கலாம்.

மிஞ்சிப் போன குட்டிகளைச் செட்டிகுளத்துலயோ சக்கரகுளத்துலயோ கொண்டு போய் விட்டுடாதீங்க. கப்பி தென் அமெரிக்கப் பக்கத்து மீன். நம்ம ஊர் மீனோட முட்டையையும் குஞ்சையும் அது தின்னும். தெரிஞ்ச பசங்களுக்கு சும்மா கொடுத்துடுங்க.

615 ஜோடி கணக்கை வேற விலை, வேற வட்டி போட்டு எப்படிப் பார்க்கிறதுன்னு இந்த வார வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க ஊர்க் கடை என்ன விலைக்கு எடுக்குதுன்னு விசாரிச்சுட்டு வந்து பாருங்க.