டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் சாட்சி சொல்லட்டும்

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், நீங்க ராயபுரம் ஆச்சே, அதெல்லாம் நெஜமாவே நடந்துச்சா?" நடந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது, கடைசிச் சண்டை மட்டும் கொஞ்சம் நீளம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது படத்தைப் பற்றி அல்ல. அந்த மேடையில் நிஜமாகவே ஏறியவர்களில் சிலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் ஒன்று செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம். குத்துச்சண்டையை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான். அதனால் சுவரொட்டியில் "ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை" என்றுதான் போடுவார்கள். கொண்டுவந்தது அவன், வளர்த்தது நாம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பிரிவுகள் இருந்தன. பரம்பரை என்றால் ரத்த சம்பந்தம் இல்லை. ஒரு வாத்தியார், அவரிடம் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள், இவர்களுக்குப் பின்னால் நிற்கிற தெரு. மீனவர், ஹார்பர் கூலி, மில் தொழிலாளி, முஸ்லிம், கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர் என்று எல்லாரும் இருந்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அதுதான் எங்கள் டீம்.

எங்கள் வீடு சார்பட்டா. எப்போதிருந்து என்று கேட்டால் நைனாவுக்கே தெரியாது. அம்மா பிறந்த வீடு சூளைப் பக்கம், அவர்கள் இடியப்பர். சண்டை நாள் என்றால் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு கூடும். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, நைனாவோடு ஒரே பஸ்ஸில் போய், கண்ணப்பர் திடலில் எதிரெதிர்ப் பக்கம் உட்காருவார். திரும்பும்போது இருவரும் தனித்தனியாக வருவார்கள். ஒரு மாசம் கழித்துப் பேச ஆரம்பிப்பார்கள். அடுத்த சண்டைக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

என்னை முதலில் அழைத்துப்போனது 1967-ல். எனக்குப் பதினொரு வயது. ரிங் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, முன்னால் இருந்தவர்களின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் சத்தம் தெரிந்தது. கிளவுஸ் விலாவில் படுகிற சத்தம் ஒரு மாதிரி, தாடையில் படுகிற சத்தம் வேறு மாதிரி. அதை வைத்தே நைனா "நம்மாளு வாங்கிட்டான்" என்பார். அன்றைக்கு எங்கள் ஆள் தோற்றார். வரும் வழியில் யாரும் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தரவில்லை.

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, திடல், யார் யாரோடு, எத்தனையாவது ரவுண்டு, பாயிண்டா நாக் அவுட்டா. போக முடியாத சண்டைக்கு மறுநாள் டீக்கடையில் போய் நின்று நாலு பேரிடம் கேட்பேன். நாலு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால்தான் எழுதுவேன். எதிர்ப் பரம்பரை ஆட்களைப் பற்றியும் எழுதினேன். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு ரசிகன் என்றால் எதிராளியைத் திட்டுவது என்று ஆகிவிட்டது. எங்களுக்கு எதிராளியின் இடது கை எவ்வளவு நீளம் என்று தெரியும். அவன் எந்த மில்லில் எந்த ஷிப்டு என்று தெரியும். தெரிந்தால்தானே பயப்பட முடியும்?

பெரியவர்கள் கித்தேரி முத்து கதையைச் சொல்லுவார்கள். டெர்ரி என்கிற ஆங்கிலோ இந்திய வீரரை அவர் வீழ்த்தியதையும், பெரியாரே அவருக்கு 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்ததையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். நான் பிறப்பதற்கு முந்தைய சண்டை அது. ஆனாலும் என் நோட்டில் முதல் பக்கம் அதற்குத்தான். ஒரு டீம் என்பது அப்படித்தான் இருக்க வேண்டும். நீ பார்க்காத சண்டையும் உன்னுடையது.

இப்போதைய டீம்களைப் பார்க்கிறேன். பேரன் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் விசில் அடிக்கிறான், அடிக்கட்டும். கிரிக்கெட்டுக்காவது ஒரு டீம் நிலைத்திருக்கிறது. ஹாக்கியைப் பாருங்கள். 2005-ல் சென்னை வீரன்ஸ் என்று ஒரு அணி வந்தது. 2012-ல் சென்னை சீட்டாஸ். இப்போது தமிழ்நாடு டிராகன்ஸ். இருபது வருஷத்தில் மூன்று பெயர், மூன்று சட்டை. நடுவில் 2013-லிருந்து 2017 வரை நடந்த லீகில் சென்னைக்கு அணியே இல்லை. எந்தப் பையன் இதற்கு நோட்டுப் போடுவான்? பணம் போட்டு வீரனை வாங்கிவிடலாம். ரசிகனுக்குப் பத்து வருஷம் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீரர்கள் வாங்கியது என்ன? எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார், இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. பகலில் ஹார்பரில் மூட்டை, சாயங்காலம் வாத்தியார் வீட்டுப் பின்பக்கம் பயிற்சி. ஒரு சண்டைக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி என்று சொல்லுவார். ஜெயித்தால் மாலை, தோற்றால் ரிக்‌ஷா. அவ்வளவுதான். இன்றைக்கு அவரால் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாது. வலது காது கேட்காது. நான் அவரைப் பார்க்கப் போனால் இடது பக்கம்தான் உட்காருவேன். 1971-ல் நடந்த சண்டையை ரவுண்டு ரவுண்டாகச் சொல்லுகிறார், காலையில் மாத்திரை போட்டாரா என்பது தெரியவில்லை.

நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு மாதா மாதம் ஓய்வூதியம் கொடுக்கிறது. 58 வயது ஆகியிருக்க வேண்டும், வருமானம் குறைவாக இருக்க வேண்டும். தொகை 6,000 ரூபாய் என்று அறிவிப்புகளில் பார்த்திருக்கிறேன். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேசிய அளவிலோ சர்வதேச அளவிலோ முதல் மூன்று இடங்களில் வந்ததற்கான சான்றிதழ் வேண்டும். பரம்பரைச் சண்டைக்காரனிடம் அது எப்படி இருக்கும்?

இதில்தான் ஒரு பெரிய முரண் இருக்கிறது. பதக்கம் கொடுக்கிற போட்டிகள் அமெச்சூர் போட்டிகள். காசு வாங்கிச் சண்டை போட்டவன் அமெச்சூர் மேடையில் ஏறக் கூடாது என்பது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இருந்த சட்டம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று அந்த ஒரு வாரக் கூலியை வாங்கினவனுக்குப் பதக்கத்தின் கதவு அங்கேயே மூடிவிட்டது. திறமை இல்லாமல் அல்ல. அமெச்சூர் பக்கம் போன நம் சென்னைப் பிள்ளை தேவராஜன் 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வரை போனார், 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். இந்த மண்ணில் சரக்கு இருந்தது என்பதற்கு அது போதாதா? தொழில்முறை வீரர்களும் ஒலிம்பிக்ஸில் கலந்துகொள்ளலாம் என்று உலகக் குத்துச்சண்டை அமைப்பு முடிவு செய்தது 2016-ல். எங்கள் ஆட்களுக்கு நாற்பது ஐம்பது வருஷம் தாமதம்.

காசு வாங்கிச் சண்டை போடுவது கேவலம் என்றால், 1980 ஜனவரியில் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் அத்தனை கூட்டம் ஏன் கூடியது? அவரும் காசுக்குச் சண்டை போட்டவர்தானே. எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். ஊரே ஆடியது. எங்கள் தெருவில் அப்போது பிறந்த ஒரு பிள்ளைக்கு அலி என்று பெயர் வைத்தார்கள், அவர்கள் வீட்டில் எல்லாரும் வேளாங்கண்ணி மாதா பக்தர்கள்.

"அந்தச் சண்டைகளால் என்ன நல்லது நடந்தது? குடி, பந்தயம், ரௌடித்தனம், திடலுக்கு வெளியே கத்திக்குத்து" என்று சிலர் சொல்லுவார்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் கலாட்டா நடந்ததை நானே பார்த்திருக்கிறேன், நாற்காலி பறந்ததையும் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் அரசியல்வாதிகளுக்கும் வட்டிக்கு விடுகிறவர்களுக்கும் அடியாளாகப் போனவர்களும் உண்டு. அதனால்தான் அனுமதி கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகி, 90-களின் தொடக்கத்துக்குள் டிக்கெட் போட்டு நடத்துகிற சண்டைகள் ஏறக்குறைய நின்றேபோயின. ஆனால் நாற்காலி எறிந்தவன் கேலரியில் இருந்தவன். ரிங்குக்குள் இருந்தவன் பெல் அடித்தால் நிறுத்தினான். அடுத்தவன் விழுந்தால் ஒதுங்கி நின்றான். பின்னால் அடியாளாகப் போனவன் ஏன் போனான் என்றால், அவனுக்குத் தெரிந்த ஒரே தொழிலுக்கு மேடை இல்லாமல் போனது. ஹார்பரில் கன்டெய்னர் வந்த பிறகு மூட்டை தூக்குகிற வேலையும் குறைந்தது. பின்னி மில்லும் மூடியது. மேடையும் இல்லை, கூலியும் இல்லை.

தெருக்கூத்து ஆடியவருக்கும் பறை அடித்தவருக்கும் பதக்கம் கேட்டா உதவி கொடுக்கிறார்கள்? நலிந்த கலைஞர்கள் என்று தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. ஊரறிந்த கலைஞர் என்பதை ஊரே சொல்லுகிறது. அதே மாதிரிப் பரம்பரைக் குத்துச்சண்டை வீரர்களுக்கு ஒரு தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அரசாங்கத்துக்கு இது பெரிய செலவே இல்லை. பத்து வருஷம் போனால் செலவே இருக்காது, அப்போது எல்லாருமாகச் சேர்ந்து சிலை வைப்போம்.

பொய்யாக நூறு பேர் கிளம்பி வருவார்களே என்று என் மருமகன் கேட்டான், கணக்குத் தணிக்கையில் வேலை செய்கிறவன், அப்படித்தான் கேட்பான். நியாயமான கேள்வி. இதற்கு நான் நினைப்பது: சண்டைக்கு முன்னால் நோட்டீஸ் அடிப்பார்கள். அதில் இரண்டு பேர் பெயரும், பரம்பரையும், திடலும், தேதியும் இருக்கும். அதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்? கூட இருந்த வாத்தியார்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று சொல்லுகிறேன், ஒரு பரம்பரை வீரனுக்கு எதிர்ப் பரம்பரைக்காரன் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். ஒரு போலி கூட உள்ளே வர முடியாது! ஆனால் நிஜமாகச் சண்டை போட்டவனுக்கு எந்த இடியப்பர் ஆளும் கையெழுத்து மறுக்க மாட்டான். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. என் மாமா இருந்திருந்தால் முதல் கையெழுத்து அவருடையதாகத்தான் இருந்திருக்கும், போட்டுவிட்டு ஒரு மாசம் நைனாவோடு பேசியிருக்க மாட்டார்.

என் நோட்டு இன்னும் இருக்கிறது. 1967-லிருந்து 1974 வரை, அதன் பிறகு வேலை கிடைத்து எழுதுவதை விட்டுவிட்டேன். கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, பெயர்கள் தெரிகின்றன. போன மாதம் எங்கள் தெருப் பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெயர் பதினான்கு இடத்தில் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சண்டையில் நான் 'பாயிண்ட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து "அது நாக் அவுட்டுடா, அஞ்சாவது ரவுண்டு" என்று கோபப்பட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், சூளை, பெரம்பூர்க்காரர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். பரண் மேல் டிரங்குப் பெட்டி இருந்தால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பழைய சண்டை நோட்டீஸ், போட்டோ, டிக்கெட்டின் பாதி, எதுவானாலும் சரி. பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிடாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். அண்ணா, அப்பா, மாமா யாராவது மேடை ஏறியிருந்தால் பெயர், பரம்பரை, வருஷம், வாத்தியார் பெயர், இந்த நாலை மட்டும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, கூடப் பார்த்த இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். மனு எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஹார்பரில் முப்பத்து நாலு வருஷம் மனுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.